டான்செட் தேர்வில் ஆங்கிலப் பிழை கண்டுபிடிப்பது எப்படி?



எம்.பி.ஏ. படிக்க ஆசைப்பட்டு நமது டிரஸ்டின் ஞாயிறு வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். "கணக்கைச் சமாளித்துவிடுவோம் பாய், இங்கிலீஷ் கிராமர்தான் உதைக்கிறது. கான்வென்ட்டில் படித்தவர்களுக்குக் காதிலேயே இங்கிலீஷ் இருக்கிறது. நமக்கு அது எங்கே?" என்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள். இந்தப் பேச்சை நம்பித்தான் சில பெற்றோர் நகையை அடகு வைத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். ஆங்கிலம் பேசக் கற்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டான்செட்டில் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளுக்கும் சரளமாக ஆங்கிலம் பேசுவதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. இந்தக் கேள்விகளில் பிள்ளையைக் கவிழ்ப்பதே காதுதான். அது ஏன் என்பதையும், காதுக்குப் பதிலாக எதை நம்ப வேண்டும் என்பதையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

தேர்வைப் பற்றித் தெரியாத பெற்றோருக்காக முதலில் சில விவரங்கள். டான்செட் என்பது தமிழ்நாட்டில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. சேர்க்கைக்காக அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் பொது நுழைவுத் தேர்வு. எம்.பி.ஏ. தாளில் 100 கேள்விகள், நேரம் 2 மணி. சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் பிடித்துக்கொள்வார்கள். விடை எழுதாமல் விட்டால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. சூழ்நிலையை ஆராய்ந்து முடிவெடுத்தல், பத்தி வாசித்துப் பொருள் உணர்தல், கணக்கு, தரவு போதுமா என்று பார்த்தல் ஆகியவற்றோடு எழுத்து ஆங்கிலத்தில் வரும் சொல்வழக்கு, இலக்கணம், நிறுத்தக்குறிப் பிழைகளைக் கண்டுபிடிப்பதும் ஒரு பகுதி. 2023 முதல் 2025 வரை மூன்று ஆண்டும் தேர்வு மார்ச் மாதத்தில் நடந்தது. 2025இல் ரமளான் நோன்பிலேயே வந்தது.

நமக்கு 3.5 சதவீத ஒதுக்கீடு இருப்பதால் எப்படியும் இடம் கிடைத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் வரிசை மதிப்பெண்படிதான் போகும். இரண்டு மூன்று மதிப்பெண் குறைந்தால் வரிசையில் கீழே போவோம். கலந்தாய்வில் நமது முறை வருவதற்குள் பக்கத்து ஊர்க் கல்லூரி நிரம்பிவிடும், தூரத்துக் கல்லூரிதான் மிஞ்சும். மகனாக இருந்தால் ஹாஸ்டலில் விட்டுவிடுகிறோம். மகளாக இருந்தால் பல வீடுகளில், "அவ்வளவு தூரம் வேண்டாம், படித்தது போதும்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு பெண்ணின் படிப்பு இரண்டு ஆங்கிலக் கேள்விகளில் நிற்கும்படி ஆகலாம் என்பதால்தான் இந்தப் பாடத்துக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். ஆங்கிலம் படிக்கத் தெரியாத தாய்மாரும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இப்படி. பிள்ளைகள் அவற்றை நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிப்பட்ட கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகையாக வரும். ஒரு வாக்கியத்தை நான்கு துண்டாக்கி, எந்தத் துண்டில் பிழை என்று கேட்பது ஒன்று. பிழையே இல்லை என்பதும் அதில் ஒரு விடையாக இருக்கும். வாக்கியத்தில் ஒரு பகுதிக்கு அடிக்கோடிட்டு, அந்த இடத்தில் எதைப் போட்டால் சரியாகும் என்று கேட்பது இன்னொன்று. எந்த வகையானாலும் பிள்ளைகள் செய்வது ஒன்றுதான். வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை ஓடவிட்டு, எங்கே இடறுகிறதோ அதைக் குறித்துவிடுகிறார்கள். எதுவும் இடறவில்லை என்றால் பிழை இல்லை என்று போட்டுவிடுகிறார்கள்.

ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். 'தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் சோல்ட் இன் தீஸ் மார்க்கெட்ஸ் ஆர் வெரி குட்.' இந்தச் சந்தைகளில் விற்கும் மாம்பழங்களின் தரம் மிக நன்று என்று பொருள். நமது வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதினால் பாதிப் பேர் பிழை இல்லை என்பார்கள். காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. ஆனால் நன்றாக இருப்பது மாம்பழங்கள் அல்ல, தரம். குவாலிட்டி என்பது ஒருமை. 'ஆர்' என்பதற்குப் பதில் 'இஸ்' வர வேண்டும்.

காது ஏன் ஏமாந்தது? இரண்டு காரணம். வினைக்குப் பக்கத்தில் மேங்கோஸ், மார்க்கெட்ஸ் என்று பன்மைச் சொற்கள் அடுக்கி நிற்கின்றன. கேள்வி தயாரிப்பவர் வேண்டுமென்றே அடுக்குகிறார். இன்னொரு காரணம் நமது தமிழ். வீட்டில் நாம் எப்படிப் பேசுகிறோம்? "மாடெல்லாம் வந்துருச்சு", "பஸ்ஸெல்லாம் போயிருச்சு", "பழங்கள் நல்லா இருக்கு" என்கிறோம். வந்தன, போயின, இருக்கின்றன என்பதெல்லாம் மேடையிலும் தேர்வுத் தாளிலும்தான். மனிதர்களைப் பற்றிப் பேசும்போது வந்தான், வந்தாங்க என்று ஒருமை பன்மை பார்க்கிறோம். பொருட்களைப் பற்றிப் பேசும்போது பார்ப்பதே இல்லை. நமது பிள்ளைகளும் அப்படித்தான் பிழை செய்கிறார்கள். பாய்ஸ், டீச்சர்ஸ் என்று ஆட்கள் வந்தால் சரியாகப் போடுகிறவர்களே குவாலிட்டி, பிரைஸ், லிஸ்ட் என்று பொருட்கள் வந்தால் சறுக்குகிறார்கள். தமிழ் பேசி வளர்ந்த காதுக்கு இது இயல்பு. கான்வென்ட் பிள்ளைக்கும் வீட்டில் அதே தமிழ்தான். ஆகவே அந்தக் காதைக் கண்டு பொறாமைப்பட ஒன்றுமில்லை.

காதுக்குப் பதில் செய்ய வேண்டியது இதுதான். வாக்கியத்தைப் பார்த்தவுடன் வினையைத் தேடுங்கள், அதன் கீழ் ஒரு கோடு போடுங்கள். பிறகு, இந்த வினை யாருடையது என்று கேளுங்கள். நன்றாக இருப்பது எது, வந்தது யார், கொடுத்தது யார். அந்த எழுவாயைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். கோட்டுக்கும் வட்டத்துக்கும் நடுவில் இருப்பதையெல்லாம் பென்சிலால் லேசாக அடித்துவிடுங்கள். 'குவாலிட்டி ஆர்' என்று இரண்டு சொல் மட்டும் மிஞ்சினால் பிழை தானாகத் தெரியும். பெரும்பாலும் 'ஆஃப்' என்ற சொல்லிலிருந்து வினை வரைக்கும் அடித்துவிடலாம்.

மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் இதில் வேகமாகப் பழகிவிடுகிறார்கள். நஹ்வு பாடத்தில் தர்கீப் செய்யும்போது ஃபிஃல் எது, அதன் ஃபாயில் எது என்று எத்தனை நூறு வாக்கியங்களைப் பிரித்திருப்பார்கள்! அதே வேலைதான். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அரபியில் வினை முன்னால் வந்தால் எழுவாய் பன்மையாக இருந்தாலும் வினை ஒருமையில் நிற்கும். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. 'தேர் இஸ் மெனி ரீசன்ஸ்' என்றால் பிழை, 'தேர் ஆர் மெனி ரீசன்ஸ்' என்றுதான் வர வேண்டும்.

அடுத்து, பலரைக் குழப்பும் ஒரு வகை. 'தி ஹெட்மாஸ்டர், அலாங் வித் தி டீச்சர்ஸ், ஆர் கமிங்.' இதில் 'ஆர்' சரியா? தலைமையாசிரியர், ஆசிரியர்கள் என்று பல பேர் வருகிறார்களே என்று தோன்றும். இங்கே தமிழையே கேட்டுப் பாருங்கள். 'தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் வருகிறார்கள்' என்றால் பன்மை. 'ஆசிரியர்களுடன் தலைமையாசிரியர் வருகிறார்' என்றால் வினை தலைமையாசிரியருக்கு மட்டும்தான் சொந்தம். 'அண்ட்' என்பது நமது 'உம்'. 'அலாங் வித்', 'டுகெதர் வித்' எல்லாம் நமது 'உடன்'. 'ஆஸ் வெல் ஆஸ்' என்பதையும் இலக்கணத்தில் 'உடன்' கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 'உம்' வந்தால் பன்மை, 'உடன்' வந்தால் முதலில் நிற்பவருக்கு ஏற்றபடி. இதைத் தமிழில் புரிந்துகொண்ட பிள்ளை பிறகு தவறுவதில்லை.

தமிழ் இப்படிக் கைகொடுக்கும் இடங்கள் இன்னும் உண்டு. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். 'என் நண்பனில் ஒருவன்' என்று தமிழில் யாராவது சொல்வோமா? 'நண்பர்களில் ஒருவன்' என்போம். ஆகவே 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்'. வினை அந்த ஒருவனுக்கு உரியது, எனவே 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்'. 'ஈச்', 'எவ்ரி' இரண்டும் நமது 'ஒவ்வொரு'. ஒவ்வொரு மாணவனும் வந்தான் என்கிறோம், வந்தார்கள் என்பதில்லை. ஆங்கிலத்திலும் 'எவ்ரி ஸ்டூடன்ட் ஹாஸ் கம்'.

வினையெச்சம் இன்னும் சுவையானது. 'ரீச்சிங் ஹோம், மை ஃபோன் ராங்' என்று ஒரு வாக்கியம். படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அதை அப்படியே தமிழ் வினையெச்சத்தில் சொல்லிப் பாருங்கள். 'வீடு போய்ச் சேர்ந்து என் போன் அடித்தது.' சிரிப்பு வருகிறதல்லவா? போன் நடந்து வீட்டுக்குப் போனது போல் ஆகிவிட்டது. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்துக்கும் அதை முடிக்கும் வினைக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பள்ளியில் படித்தது நினைவிருக்கும். 'மழை பெய்து குளம் நிறைந்தது' போன்ற விலக்கு தமிழில் உண்டு. ஆங்கிலத் தேர்வில் 'இங்' என்று முடியும் சொல் வாக்கியத்தின் முன்னால் வந்து காற்புள்ளி விழுந்தால், காற்புள்ளிக்கு அடுத்து நிற்பவர்தான் அந்த வேலையைச் செய்தவர். 'ரீச்சிங் ஹோம், ஐ ஹேர்ட் மை ஃபோன் ரிங்' என்றால் சரி. தமிழில் சொல்லிப் பார்த்துச் சிரிப்பு வந்தால் பிழை என்று எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஒரு விதியே வைத்திருக்கிறார்கள்.

இனி 'எ', 'அன்', 'தி' என்ற மூன்று சொற்கள். தமிழில் இவை இல்லை என்பதால் பயப்படுகிறார்கள். 'எ' வருமா 'அன்' வருமா என்பதற்குத் தமிழ் எழுத்தைவிட நல்ல கருவி கிடையாது. அந்தச் சொல்லைத் தமிழில் எழுதுங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'அன்', உயிர்மெய்யில் தொடங்கினால் 'எ'. யூனிவர்சிட்டி என்பது 'யூ'வில் தொடங்குகிறது, ஆகவே 'எ யூனிவர்சிட்டி'. மணி நேரத்தைக் குறிக்கும் சொல் 'அவர்', ஆகவே 'அன் அவர்'. நேர்மையான ஆள் 'அன் ஆனஸ்ட் மேன்'. நமது பிள்ளைகள் எழுதப்போகும் படிப்பே 'அன் எம்.பி.ஏ. டிகிரி'தான். ஆங்கில எழுத்தைப் பார்த்து விடை போடுகிறவன் இவை எல்லாவற்றிலும் தவறுவான். தமிழில் எழுதும்போது உச்சரிப்பைச் சரியாக எழுத வேண்டும், அதுதான் முக்கியம். அந்த 'அவர்' என்பதை 'ஹவர்' என்று எழுதினால் கணக்கு தப்பும். ஒன்று என்பதற்கான ஆங்கிலச் சொல்லை நாம் 'ஒன்' என்று எழுதிப் பழகிவிட்டோம், உண்மையில் அது 'வன்'. ஆகவே 'எ ஒன்-ரூபி நோட்' என்றுதான் வரும்.

'தி' எங்கே வரும் என்பதற்கு அரபி கொஞ்சம் உதவும். கிதாபுன் என்றால் ஏதோ ஒரு புத்தகம். அல்கிதாப் என்றால் நமக்குத் தெரிந்த அந்தப் புத்தகம். 'எ புக்', 'தி புக்' வித்தியாசம் ஏறக்குறைய இதுவே. முதல் முறை சொல்லும்போது 'எ', பிறகு அதையே குறிக்கும்போது 'தி'. ஆனால் அல்இல்மு என்று அரபியில் வருவதால் ஆங்கிலத்திலும் 'தி நாலெட்ஜ் இஸ் பவர்' என்று போட்டுவிடக் கூடாது. அறிவு, பொறுமை, நேர்மை போன்ற குணப்பெயர்களைப் பொதுவாகச் சொல்லும்போது ஆங்கிலத்தில் 'தி' வராது.

இதுவரை தமிழ் உதவிய இடங்கள். தமிழ் கவிழ்க்கும் இடங்களையும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கேள்விகள் அங்கேதான் அதிகம் வருகின்றன.

'2015 முதல் இங்கே வேலை செய்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வோம். அதையே 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015' என்று எழுதினால் பிழை. 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015' என்று வர வேண்டும். சின்ஸ் என்பது 'முதல்', ஃபார் என்பது 'ஆக'. 2015 முதல் என்றால் சின்ஸ், பத்து ஆண்டுகளாக என்றால் ஃபார். 'சின்ஸ் டென் இயர்ஸ்' என்று இருந்தால் யோசிக்காமல் பிழை என்று குறிக்கலாம். அதேபோல் 'நேற்று அவரைப் பார்த்திருக்கிறேன்' என்பது தமிழில் போகும். ஆங்கிலத்தில் யெஸ்டர்டே, லாஸ்ட் இயர், 2020இல் என்று முடிந்துபோன காலம் குறிக்கப்பட்டால் ஹேவ், ஹாஸ் வரக் கூடாது. 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே'தான். 'அவர் வந்தால் நான் போவேன்' என்பதில் 'வந்தால்' என்ற சொல்லுக்குக் காலமே இல்லை. பிள்ளை எதிர்காலம்தானே என்று 'இஃப் ஹி வில் கம்' என்கிறான். 'இஃப்' பக்கத்தில் 'வில்' போடாமல் 'இஃப் ஹி கம்ஸ், ஐ வில் கோ' என்று எழுதுவதே தேர்வுக்குச் சரி.

தமிழில் தகவல்கள், அறிவுரைகள், சாமான்கள், செய்திகள் என்று பன்மையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்யூப்மென்ட் எதற்கும் 'எஸ்' சேராது. 'நியூஸ்' என்ற சொல்லில் 'எஸ்' இருந்தாலும் அது ஒருமை. 'தி நியூஸ் இஸ் ட்ரூ' என்றுதான் எழுத வேண்டும்.

'பற்றி விவாதித்தோம்' என்பதை 'டிஸ்கஸ்ட் அபவுட்' என்கிறோம். 'அறைக்குள் நுழைந்தான்' என்பதை 'என்டர்ட் இன்டு தி ரூம்' என்கிறோம். 'அவனுடன் திருமணம்' என்பதை 'மேரிட் வித்' என்கிறோம். மூன்றும் பிழை. முதல் இரண்டில் அந்த இடைச்சொல்லே வேண்டாம், மூன்றாவதில் 'மேரிட் டு'. சுபீரியர், ஜூனியர், சீனியர், ப்ரிஃபர் ஆகியவற்றுக்குப் பின்னால் 'தேன்' வராது, 'டு' வரும். இந்த வகையை விதியால் பிடிக்க முடியாது, பட்டியல் போட்டு மனனம் செய்வதுதான் வழி. மனனம் நமது பிள்ளைகளுக்குப் புதிதா என்ன?

இணைப்புச் சொல் இரட்டிப்பு. 'என்னதான் படிச்சாலும், ஆனா மார்க் வரல' என்று பேசுகிறோம். அதனால் 'ஆல்தோ ஹி ஸ்டடீட் ஹார்ட், பட் ஹி ஃபெயில்ட்' என்பது காதுக்கு இடறுவதில்லை. ஆல்தோ வந்தால் பட் வேண்டாம். பிகாஸ் வந்தால் ஸோ வேண்டாம்.

ஒப்பிடும் வாக்கியத்தில் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பாருங்கள். 'தி பாப்புலேஷன் ஆஃப் சென்னை இஸ் லார்ஜர் தேன் மதுரை' என்றால் மக்கள்தொகையை ஓர் ஊரோடு ஒப்பிட்டதாக ஆகும். 'தேன் தட் ஆஃப் மதுரை' என்று வர வேண்டும். தமிழில் 'மதுரையைவிட' என்றே சொல்லிவிடுவதால் இதில் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள். வரிசையாக மூன்று செயல்களைச் சொன்னால் மூன்றும் ஒரே வடிவில் நிற்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. 'ரீடிங், ரைட்டிங் அண்ட் டு ஸ்பீக்' என்று கடைசி ஒன்று மட்டும் வேறு சட்டை போட்டிருந்தால் அதுவே விடை.

குறி வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து விடைகள் உள்ள 15 கேள்விகளுக்குக் குருட்டாம்போக்கில் குறித்தால், சராசரியாக 3 சரியாகும், 12 தவறாகும். 12 தவறுக்கு 4 மதிப்பெண் போகும். மூன்று வந்து நான்கு போனால் கையிலிருந்து ஒன்று நஷ்டம். ஆனால் 12 கேள்விகளில் விடையை இரண்டில் ஒன்று என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டுக் குறித்தால், சராசரியாக 6 சரி, 6 தவறு. ஆறு தவறுக்கு 2 போகும், 4 மிஞ்சும். ஆகவே ஒன்றுமே புரியாத கேள்வியை விட்டுவிடுங்கள். மூன்றை நீக்க முடிந்தால் துணிந்து குறியுங்கள். பிழை இல்லை என்ற விடையைக் கண்டு சிலர் பயப்படுகிறார்கள், சிலர் தெரியாததற்கெல்லாம் அதைப் போடுகிறார்கள். வினை, எழுவாய், காலம், ஒருமை பன்மை, இடைச்சொல், ஒப்பீடு என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து எதுவும் அகப்படவில்லை என்றால்தான் அதைக் குறிக்க வேண்டும்.

ஆங்கில நாளிதழ் படி, தானாக வந்துவிடும் என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். படிக்கட்டும், சொல்வளம் பெருகும், வாசிக்கும் வேகம் கூடும். ஆனால் இந்தக் கேள்விகளுக்கு அது போதாது. சரியான வாக்கியங்களை ஆயிரம் படித்தாலும் பிழையைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வருவதில்லை. பிழையான வாக்கியங்களில்தான் அந்தப் பழக்கம் வரும். ஒரு நாளைக்குப் பத்து கேள்வி போதும். பஜ்ருக்குப் பிறகு அரை மணி நேரம். தவறிய கேள்விகளுக்கு மட்டும் ஒரு தனி நோட்டு. அதில் வாக்கியத்தை எழுதி, கீழே ஏன் பிழை என்ற காரணத்தைத் தமிழில் ஒரே வரியில் எழுத வேண்டும். 'காதுக்குச் சரியில்லை' என்று எழுதினால் அது காரணம் ஆகாது. 'வினை தரத்துக்கு உரியது, மாம்பழத்துக்கு அல்ல' என்பது காரணம். நோன்பு நாளில் தேர்வு வந்தாலும் பழகிய கை கோடும் வட்டமும் தானாகப் போடும்.

பயிற்சிக்குப் புதுப் புத்தகம் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு யோசனை. வெளிநாட்டு நிர்வாகப் படிப்புக்கு எழுதும் ஜிமேட் தேர்வில் வாக்கியத் திருத்தம் என்று ஒரு பெரிய பகுதி இருந்தது. 2023 இறுதியில் வந்த புதிய வடிவில் அதை எடுத்துவிட்டார்கள். அதற்காக அச்சான தடித்த புத்தகங்கள் இப்போது அந்தத் தேர்வுக்குப் பயன்படாது, ஆனால் நமக்குப் பயன்படும். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் விடாதீர்கள். டான்செட்டைவிடக் கடினமாக இருக்கும், பரவாயில்லை.

தாய்மாருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாக்கியத்தை வாசியுங்கள். "இதில் வினை எது? அது யாருடையது? நடுவில் எதை அடித்தாய்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பிள்ளை தடுமாறாமல் தமிழில் விளக்கினால் அவனுக்குப் புரிந்திருக்கிறது. "அது அப்படித்தான்மா, உங்களுக்குத் தெரியாது" என்று நழுவினால் புரியவில்லை.

முயன்று பார்க்க ஐந்து வாக்கியங்கள் தருகிறோம். ஒன்று, 'நைதர் தி மேனேஜர் நார் தி வொர்க்கர்ஸ் வாஸ் இன்ஃபார்ம்ட்.' இரண்டு, 'ஹி கேவ் மீ மெனி யூஸ்ஃபுல் அட்வைசஸ்.' மூன்று, 'ஹேவிங் ஃபினிஷ்ட் தி வொர்க், தி லைட்ஸ் வேர் ஸ்விட்ச்ட் ஆஃப்.' நான்கு, 'தி கிளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் கூலர் தேன் மதுரை.' ஐந்து, 'தி சேர்மன், ஆஸ் வெல் ஆஸ் தி மெம்பர்ஸ், ஹாஸ் சைன்ட் தி லெட்டர்.' நோட்டில் விடை எழுதிவிட்டுக் கீழே படியுங்கள்.

முதலாவதில் நைதர், நார் வந்தால் வினைக்கு அருகில் நிற்பவரைப் பார்க்க வேண்டும். அருகில் இருப்பது வொர்க்கர்ஸ், ஆகவே 'வேர்'. இந்த விதியை மேலே சொல்லவில்லை, இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் அட்வைஸ் பன்மை ஏற்காது, மெனியும் வராது. 'மச் யூஸ்ஃபுல் அட்வைஸ்' என்று இருக்க வேண்டும். மூன்றாவதில் வேலையை முடித்தது விளக்குகளா? 'ஹேவிங் ஃபினிஷ்ட் தி வொர்க், வி ஸ்விட்ச்ட் ஆஃப் தி லைட்ஸ்' என்றால் சரி. நான்காவதில் 'தேன் தட் ஆஃப் மதுரை'. ஐந்தாவதில் சேர்மன் ஒருவர்தான் வினைக்கு உரியவர், 'ஹாஸ்' சரி, பிழை இல்லை.

ஐந்தாவதில் பிழை இருப்பதாக எழுதியவர்கள் 'உம்', 'உடன்' பத்தியை இன்னொரு முறை படித்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். பெண் பிள்ளைகளுக்கு மாடியில் தனி வகுப்பு, தாயாரும் கூட வந்து உட்காரலாம். அடுத்த இதழில் இன்ஷா அல்லாஹ் நிறுத்தக்குறிகளை எடுத்துக்கொள்வோம்.